கரிவலத்தில் கருகிய மிளகாய்

கரிவலம்வந்தநல்லூர் என்று ஒரே மூச்சில் சொல்ல வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். உள்ளூரில் 'கரிவலம்' என்றாலே போதும். சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வருகிற ஊர். பால்வண்ணநாதர் கோயில் இருக்கிறது. வரதுங்கராம பாண்டியர் இந்தச் சாமி மேல் அந்தாதி பாடியிருக்கிறார். இந்தப் பக்கம் ஐந்து கோயில்களைப் பஞ்சபூதத் தலங்கள் என்பார்கள். அதில் சங்கரன்கோவில் மண், கரிவலம் நெருப்பு. ஊர்ப் பெயரில் இருக்கிற 'கரி'க்கு யானை என்று அர்த்தம். யானை வலம் வந்த நல்லூர்.

இங்கே சொல்லப்போவது வேறு கரி. ஒரு மொட்டை மாடியில் ஏழு மிளகாய்த் தொட்டிகளில், செடியின் நுனியில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கீழே இறங்கிய கரி.

அந்த வீட்டு ஆச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. தாத்தா இருந்த காலத்தில் ஊருக்கு வெளியே கொஞ்சம் கரிசல் காடு இருந்தது. வானம் பார்த்த பூமி. பருத்தி ஒரு வருஷம், மிளகாய் ஒரு வருஷம். நீளமான சம்பா வத்தல், களத்தில் காயப்போட்டால் தெருமுனை வரைக்கும் தும்மல் வரும். தாத்தா போன பிறகு காடும் கை மாறிப்போனது. மிச்சம் இருந்தது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய விதை.

அந்த விதையைத்தான் ஆச்சி வருஷா வருஷம் ஓட்டிக்கொண்டு வந்தார். ஆடியில் நாற்று விடுவது, புரட்டாசியில் தொட்டிக்கு மாற்றுவது, தையில் பழுத்ததை வத்தலாக்குவது. நாலைந்து வத்தலை உடைத்து விதையைச் சாம்பலில் பிரட்டி மறுபடி அதே பாட்டில். வீட்டுக்கு வேண்டிய மிளகாய் கடையில்தான் வாங்குகிறார்கள், ஏழு செடி எந்தக் குழம்புக்குக் காணும்? ஆனாலும் அந்தப் பாட்டில் காலியாக அவர் விட்டதில்லை. வீட்டில் யாரும் அதற்குக் காரணம் கேட்டதும் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நல்ல மழை. மழை விட்டு மார்கழிப் பனி ஆரம்பித்தபோது செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்றன. ஒருநாள் காலையில் பார்த்தால் ஒரு கிளையின் நுனி மட்டும் வாடித் தொங்கியது. பூக்கள் காம்போடு காய்ந்திருந்தன. மூன்றாம் நாள் அந்த நுனி பழுப்பு. ஒரு வாரத்தில் விரல் நீளத்துக்குக் குச்சி காய்ந்து, பக்கத்துச் செடியிலும் அதே கதை.

"தண்ணி பத்தல போல"ன்னு ஆச்சி முடிவு கட்டினார். எல்லாரும் முதலில் செய்கிற தப்பு இதுதான். நுனி காய்ந்தால் தாகம் என்று நினைப்பது இயல்புதானே? சாயங்காலம் ஒரு வேளை ஊற்றியது இரண்டு வேளை ஆனது. அதுவும் எப்படி? குவளையை உயரத் தூக்கி, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது மாதிரி, உச்சியில் இருந்து. இலையெல்லாம் நனைந்து பளபளவென்று நிற்கும். பார்க்க அழகுதான்.

கருகல் இன்னும் வேகமாக இறங்கியது.

அடுத்த வீட்டு மதினி வந்து பார்த்துவிட்டு, "கண்ணு பட்டுட்டு, வேற ஒண்ணுமில்ல" என்றார். சங்கரன்கோவில் போனபோது கோயில் புற்றுமண் கொஞ்சம் வாங்கிவந்து ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சிட்டிகை போட்டார். அந்த மண்ணை நெற்றியில் இடுவார்கள், தோல் வியாதி என்றால் உடம்பில் பூசிக்கொள்வார்கள், அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரு பொட்டலம் இருக்கும். மண்ணால் செடிக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை. நோயும் போகவில்லை.

மூன்றாவது முயற்சி மருந்துக்கடை. "தம்பி, மிளகாச்செடி கருகுது, மருந்து குடு" என்றார் ஆச்சி. கடைக்காரர் "எல சுருளுதா ஆச்சி?" என்று கேட்டார். "லேசா சுருளுது". உடனே இலைப்பேனுக்கான பூச்சிமருந்து ஒரு சின்ன பாட்டில் வந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. மிளகாய் என்றாலே நூற்றுக்குப் பாதிப் பேர் இலைச்சுருட்டலோடுதான் வருவார்கள். செடியைப் பார்க்காமல் வாய்வார்த்தையில் வைத்தியம் பார்த்தால் இப்படித்தான் ஆகும். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எதற்கு மாத்திரை கொடுப்பார்? அந்த மருந்தை அடித்ததில் செத்தது நாலு பேன். பூஞ்சைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த நிலையில்தான் அரையாண்டு லீவுக்குப் பேத்தி கோவில்பட்டியில் இருந்து வந்தாள். பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவு. மாடிக்குப் போனவள் உடனே மருந்து பேர் எதையும் சொல்லவில்லை, அது அவளுடைய பெரிய குணம். காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்து வெயிலில் பிடித்து, செல்போன் கேமராவை அதன் மேல் கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஆச்சி, இங்க பாருங்க. குச்சி மேல குண்டூசி குத்துன மாதிரி கறுப்புப் புள்ளி."

"அது தூசிட்டி."

"தூசின்னா தொடச்சா போவணும்லா? போகலையே."

அந்தக் கறுப்புப் புள்ளிதான் விஷயம். நுனி காய்வதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனால் காய்ந்த குச்சி முதலில் பழுப்பாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வெளுத்து, அந்த வெளுப்பின் மேல் கறுப்புப் புள்ளிகள் தெளித்த மாதிரி இருந்தால் அது நுனிக்கருகல் நோய். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் பூஞ்சை வித்து தயாராகிற ஒரு சின்னப் பட்டறை.

மற்ற நோய்களில் இருந்து இதைப் பிரித்துப் பார்க்க முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று. சாவு எந்தப் பக்கம் இருந்து வருகிறது? இதில் மேலிருந்து கீழே வருகிறது. செடி முழுவதும் ஒரே நாளில் சோர்ந்து, தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை என்றால் அது வேர்ப்பக்க வியாதி, வாடல் நோய். அடித்தண்டைக் கீறிப் பார்த்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடியிருக்கும். நுனி கருகாமல் ஈரமாக அழுகி, அதன் மேல் தலையில் கறுப்புப் பொட்டு வைத்த வெள்ளி மயிர் மாதிரி நின்றால் அது மழைக்காலத்தில் வருகிற வேறொரு பூஞ்சை. இலை மேல்பக்கமாகக் குவிந்தால் இலைப்பேன், கவிழ்த்த தோணி மாதிரி கீழே வளைந்தால் சிலந்திப்பேன். இலையின் அடியில் வெள்ளைப்பொடி பூத்து இலை கொட்டினால் சாம்பல் நோய். ஆச்சி கடையில் "லேசா சுருளுது" என்று சொன்னதும் பொய் இல்லை. பேன் கொஞ்சம் இருந்தது. அது கூடவே வந்த சில்லறை வியாதி.

சந்தேகம் தீர இன்னொரு சாட்சி பழத்தில் கிடைத்தது. பச்சைக் காய்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. பழுத்த நாலில் இரண்டில் மட்டும் ஒரு குழிந்த புள்ளி, பழத்தின் நீளவாக்கிலேயே நீண்டு, நடுவில் வட்டம் வட்டமாகக் கறுப்புப் பொட்டுகள். நுனிக்கருகலும் பழ அழுகலும் இரண்டு நோய் இல்லை. ஒரே பூஞ்சை, கிளையில் ஒரு வேஷம், பழத்தில் ஒரு வேஷம். பழுத்த பழத்தில்தான் அதற்கு ஆசை அதிகம்.

இந்தப் பூஞ்சைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. மிளகாய் நம் ஊர்ச் செடி இல்லை என்பது தெரிந்ததுதான். அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தது. மிளகு மாதிரி உறைக்கிற காய் என்பதால் மிளகாய். ஆனால் அதன் நுனியைக் கருக்குகிற பூஞ்சைக்கு அறிவியல் உலகத்தில் முதன்முதலில் பெயர் வைத்தது, அன்றைய சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூரில் கிடைத்த மிளகாயைப் பார்த்து. வருஷம் 1913. பெயர் வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த சைடோ. அவர் வைத்த பெயர் வெர்மிகுலேரியா கேப்சிசி. 1931-இல் பட்லரும் பிஸ்பியும் அதைக் கொலிடோடிரைக்கம் கேப்சிசி என்று மாற்றினார்கள். 2009-இல் ஆராய்ந்து பார்த்துவிட்டு, இதுவும் கொலிடோடிரைக்கம் ட்ரங்கேட்டம் என்று ஏற்கெனவே பெயர் உள்ள பூஞ்சையும் ஒன்றுதான் என்றார்கள். நம் வேளாண் புத்தகங்கள் பலவற்றில் இன்னும் கேப்சிசிதான். பெயர் எதுவானால் என்ன, ஆச்சிக்கு அது "கருக்கட்டான் நோவு" :-)

பேத்தி கிசான் கால் சென்டருக்கு (1800-180-1551, தமிழிலேயே பேசலாம்) போன் செய்து அடையாளங்களைச் சொன்னாள். அங்கேயும் இதையேதான் சொன்னார்கள். கூடவே ஒரு கேள்வி கேட்டார்கள்: "தண்ணி எப்படி ஊத்துறீங்க?"

இதற்குப் பதில் சொல்லும்போதுதான் பேத்திக்கே மண்டையில் உறைத்தது. அந்தப் பூஞ்சையின் வித்துகள் ஒரு பசைக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். காய்ந்த காற்று மட்டும் அடித்தால் அவ்வளவு சுலபமாகக் கிளம்பாது. தண்ணீர் மேலே விழுந்து பசை கரைந்து, துளி தெறிக்கும்போது அடுத்த கிளைக்கும் அடுத்த தொட்டிக்கும் போய்ச் சேரும். போன இடத்தில் முளைக்கவும் இலையோ தண்டோ பல மணி நேரம் ஈரமாக இருக்கவேண்டும். மழை அதைச் செய்தது. மழை விட்டதும் பனி செய்தது. பனி போதாததற்குச் சாயங்காலக் குவளை செய்தது. ராத்திரி முழுக்கச் செடி நனைந்தே நின்றிருக்கிறது. தாகம் என்று நினைத்து ஊற்றிய தண்ணீர்தான் நோயை வண்டி ஏற்றி ஆறு தொட்டிக்கும் அனுப்பியிருக்கிறது.

ஏழு இல்லை, ஆறு. ஏழாவது தொட்டி படிக்கட்டு முகப்பில் சன்ஷேடுக்கு அடியில் இருந்தது. வெயில் குறைச்சல், அதனால் செடி கொஞ்சம் நோஞ்சான், பூவும் கம்மி. ஆனால் அதன் மேல் மழை விழவில்லை. குவளையை உயர்த்தவும் அங்கே இடம் இல்லாததால் ஆச்சி அதற்கு மட்டும் வேரில் ஊற்றியிருக்கிறார். அதில் ஒரு கருகல்கூட இல்லை!

வைத்தியம் கத்தரிக்கோலில் ஆரம்பித்தது. எந்த மருந்தும் செத்த குச்சியைப் பச்சையாக்காது. அதனால் முதலில் வெட்டு. கருகல் முடிகிற இடத்தில் வெட்டினால் போதாது, அதற்குக் கீழே நாலு விரல் விட்டு நல்ல பச்சைத் தண்டில் வெட்டவேண்டும். வெட்டுவாயில் நடுவில் பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்கவேண்டும், இல்லையென்றால் குவளை செய்த வேலையைக் கத்தி செய்யும். வெட்டியது எதையும் எருக்குழியில் போடக்கூடாது. கீழே விழுந்த இலை, பழம் எல்லாவற்றையும் பொறுக்கிக் கொளுத்திவிடவேண்டும். இரண்டு செடிகளில் பழுப்பு கவட்டையையும் தாண்டி இறங்கியிருந்தது. அவற்றை வேரோடு பிடுங்கியாயிற்று. நாலு செடி மொட்டையாக நின்றன. காய் பிடித்த கிளையை வெட்டும்போதெல்லாம் ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓரமாகப் பொங்கலுக்கென்று வைத்திருந்த மஞ்சள் தொட்டி ஒன்று உண்டு. அதன் இலைகளிலும் நடுவில் சாம்பல் நிறமாகச் சில புள்ளிகள். மஞ்சளில் இலைப்புள்ளி நோயை உண்டாக்குவதும் இதே பூஞ்சைதான் என்று வேளாண் புத்தகங்களில் இருக்கிறது. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிவிட்டு அந்தத் தொட்டியைக் கீழே முற்றத்துக்கு இறக்கினார்கள்.

பிறகு மருந்து. வேளாண் பல்கலைக்கழகம் சொல்லுகிற அளவு: லிட்டர் தண்ணீருக்கு மேங்கோசெப் 2 கிராம், அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு 2.5 கிராம். நுனி கருகுவது தெரிந்த உடனேயே ஆரம்பித்து 15 நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை. மேங்கோசெப் இலையின் மேல் ஒரு போர்வை மாதிரி நின்று புதிதாக வருகிற வித்தை முளைக்க விடாது, அவ்வளவுதான். உள்ளே போய்விட்ட பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. அதனால்தான் வெட்டு முதலில், மருந்து பிறகு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கடையில் கிடைத்தது 100 கிராம் பாக்கெட். மொட்டையாக நிற்கிற நாலு செடிக்கும் ஏழாவதுக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் தாராளம். மூன்று தடவைக்கு 6 கிராம். மீதி 94 கிராம் சும்மா இருக்கும். காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் பார்த்தால் இந்த வைத்தியத்தை முதல் பக்கத்திலேயே அடித்துவிடுவார். அந்தப் பாக்கெட் விலை, பூச்சிமருந்து விலை, ஸ்பிரிட், கைத்தெளிப்பான் எல்லாம் கூட்டினால் அந்தச் செடிகள் ஆயுசுக்கும் காய்க்கிற மிளகாயைச் சந்தையில் வாங்கிவிடலாம். லாப நஷ்டக் கணக்கில் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எந்தப் பக்கம் எழுதுவது என்பதுதான் சிக்கல்.

2 கிராமை அளப்பது அடுத்த சிக்கல். கரண்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். கடைசியில் தெருமுனை ஆசாரி நகை நிறுக்கிற தராசில் காகிதம் விரித்து இரண்டிரண்டு கிராமாக மூன்று பொட்டலம் கட்டிக்கொடுத்தார். "தங்கத்துக்கு அப்புறம் இந்தத் தராசு பாத்த பெரிய சரக்கு இதுதான் ஆச்சி" என்று சிரித்தார். மீதிப் பாக்கெட் கத்தரி போட்டிருக்கிற ஒரு சம்சாரி வீட்டுக்குப் போனது.

அடுக்களைக் குவளையில் கலக்கவில்லை. மூக்கில் துணி, கையில் உறை. காற்று இல்லாத காலை நேரம். மருந்து அடித்த செடியில் பாக்கெட்டில் போட்டிருக்கிற நாள் கணக்கு முடிகிறவரை ஒரு காய்கூடப் பறிக்கக்கூடாது என்று பேத்தி சுவரில் கரித்துண்டால் தேதி எழுதிவைத்தாள். தண்ணீர் காலையில் மட்டும், வேரில் மட்டும். தொட்டிகளுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி.

இதெல்லாம் சுலபமான பாதி. கஷ்டமான பாதி பாட்டிலில் இருந்தது.

நோய் அந்த மாடிக்கு எங்கிருந்து வந்தது? பக்கத்தில் யார் வீட்டிலும் மிளகாய் இல்லை. மண் புதுசு. இந்தப் பூஞ்சை விதை வழியாக வருகிற ஜாதி. பேத்தி பாட்டில் விதையைச் சுளகில் கொட்டி, சாம்பலைப் புடைத்துவிட்டு, வெயிலில் பரப்பினாள். பாதி விதை வெளிர்மஞ்சள். மீதி துருப்பிடித்த மாதிரி பழுப்பு.

"போன வருஷம் புள்ளி விழுந்த வத்தல்ல இருந்தும் வெத எடுத்தீங்களா ஆச்சி?"

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "நல்ல வத்தலக் கொழம்புக்குப் போட்டுட்டு, ஒண்ணு ரெண்டு சொத்தைய வெதைக்கு எடுத்திருப்பேன். வெததானன்னு இருந்துட்டேன்" என்றார். பிறகு, "உங்க தாத்தா வச்ச வெதட்டி அது."

இதற்கு என்ன பதில் சொல்வது? பேத்தி 'தூக்கிப் போடுங்க' என்று சொல்லவில்லை. பழுப்பு விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைத்தாள். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஆச்சியும் பக்கத்தில் உட்கார்ந்தார். வெந்நீர் வைத்தியம் ஒன்று உண்டு, 52 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் விதையை வைத்து எடுப்பது. சூடு கொஞ்சம் ஏறினாலும் விதை வெந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் அந்தச் சோதனை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். திரம் அல்லது கேப்டான் கிலோ விதைக்கு 4 கிராம் கலப்பது வழக்கமான முறை. கைப்பிடி விதைக்கு அதை எந்த ஆசாரி நிறுக்க முடியும்?

பழுப்பு விதைகள் அடுப்புக்குப் போயின. கொள்ளிக்குள் போட்டதும் வந்த நெடியில் வீடே தும்மியது. ஆச்சியும் தும்மினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெடியால்தான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

மொட்டையடித்த நாலில் மூன்று செடிகள் மாசி வாக்கில் பக்கத்துளிர் விட்டன. நாலாவது பிழைக்கவில்லை. அந்த மூன்றில் காய் வந்தது, ஆனால் விதைக்கு அவற்றைத் தொடவில்லை. சன்ஷேடு அடியில் இருந்த நோஞ்சானில் மொத்தம் பதினோரு பழம். அதையும் அதே பாட்டிலில் இருந்து போட்டதுதான். ஒரு பாட்டிலில் எல்லா விதையிலும் நோய் இருப்பதில்லை, இருந்தாலும் ஈரம் கிடைக்காவிட்டால் அது தலைதூக்குவதும் கஷ்டம். புள்ளி ஒன்றுகூட இல்லாத ஐந்து பழத்தைத் தேர்ந்தெடுத்துத் தனியாகக் காயவைத்து உடைத்தார்கள். விதை அத்தனையும் மஞ்சள். ஹார்லிக்ஸ் பாட்டிலை வெந்நீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பொறுக்கி எடுத்த பழைய மஞ்சள் விதையையும் புது விதையையும் ஒன்றாகக் கலக்கவேண்டாம் என்று பேத்தி சொன்னாள். பழையது ஒரு காகிதப் பொட்டலத்தில் கட்டி சாமி அலமாரிக்குப் போனது. அதை விதைக்கப்போவதில்லை.

அடுத்த ஆடியில் ஆச்சி புது விதையில் நாற்று விட்டார். புரட்டாசியில் ஒன்பது தொட்டி. எல்லாம் படிக்கட்டுப் பக்கம், தகரம் போட்டு இறக்கிய சாய்ப்புக்கு அடியில், முழ இடைவெளியில். மார்கழி முழுக்கத் தினமும் காலையில் ஒவ்வொரு நுனியாகப் பார்த்தார். இரண்டு இடத்தில் சந்தேகம் வந்து கிள்ளினார், அவ்வளவுதான்.

சாயங்காலம் குவளையோடு மாடிக்குப் போகிற பழக்கம் மட்டும் விடவில்லை. பாதிப் படி ஏறின பிறகுதான் ஞாபகம் வருகிறது. அங்கேயே நின்று, தண்ணீரைத் தானே குடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்.